உறங்கி உழைக்கும் சில்லு

பொத்தான் அளவுள்ள மின்கலத்தால் ஒரு கம்பியில்லாக் கருவி பல திங்கள் இயங்குவது எங்ஙனம்? நார்வே நாட்டு நோர்டிக் நிறுவனத்தார் ஆக்கிய என்.ஆர்.எப். 52832 என்னும் சில்லை நோக்குவோம்.

இதனுள் கடிகாரங்கள் இரண்டு. ஒன்று நொடிக்கு 6 கோடியே 40 இலட்சம் முறை துடிக்கும்; மற்றொன்று 32,768 முறை துடிக்கும். கணக்கிடவும் செய்தி அனுப்பவும் விரைந்த கடிகாரம் வேண்டும். அப்பொழுது சில மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செலவாகும். அவ்வாறே ஓயாது விழித்திருப்பின் மின்கலம் சில நாளில் தீர்ந்துவிடும். ஆதலின், பணி முடிந்ததும் அக்கடிகாரம் நிறுத்தப்படுகின்றது. சிறு கடிகாரம் மட்டும் விழித்திருந்து, குறித்த நேரத்தில் சில்லை எழுப்பும். அந்நிலையில் செலவு ஏறத்தாழ 2 மைக்ரோ ஆம்பியரே.

ஆழ்ந்த உறக்கத்தில் சிறு கடிகாரமும் நின்றுவிடும். செலவு இன்னும் குறையும். ஆயினும் காலக்கணக்கு அற்றுப்போம். பொத்தானை அழுத்துதல் போன்ற வெளிக்குறிப்பு எழுப்பினால், சில்லு தன் பணியை முதலிலிருந்தே தொடங்கும். எப்பொழுது எவ்வளவு உறங்குவது என்று அறிந்து வகுப்பதே பொறியாளரின் திறனாகும்.