நேதாஜியைச் சுமந்து வந்த நீர்மூழ்கி!

குட்டீஸ், ஆரணிப் பட்டுச் சேலைகள் பதினாறை ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் விரித்தால் எவ்வளவு நீளம் வரும்? ஏறக்குறைய 88 மீட்டர். 'யு-180' என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் நீளமும் அவ்வளவுதான். நீளம்தான் பெரிசு, உள்ளே கை, காலை நீட்ட இடம் கிடையாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள், ஈரம், எங்கும் டீசல் நாற்றம். அதற்குள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இரண்டரை மாதம் இருந்தார்!

இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். ஜெர்மனியில் இருந்த நேதாஜி, ஆங்கிலேயரை எதிர்த்துப் படை நடத்த ஆசியாவுக்கு வர விரும்பினார். சாதாரணக் கப்பலில் வந்தால் பிடித்துவிடுவார்களே! எனவே, 1943 பிப்ரவரி 9-ல் கீல் துறைமுகத்தில் யு-180-ல் ஏறினார். கூடவே வந்தவர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன்.

அந்தக் கால நீர்மூழ்கியால் எப்போதும் நீருக்குள்ளேயே இருக்க முடியாது. அடிக்கடி மேலே வந்து, டீசல் இன்ஜினை ஓட்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரி கண்ணில் பட்டால் தொலைந்தது! ஒருமுறை ஆபத்து நெருங்கி எல்லாரும் பதறியபோதும், நேதாஜி தான் சொல்லி எழுதவைத்ததை நிறுத்தவில்லையாம். பயத்தில் எழுத மறந்தது தான்தான் என்று பின்னாளில் ஹசன் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 18-ல், தென் ஆப்பிரிக்காவுக்கு அப்பால், 'கார்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 மூழ்கடித்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். போர் என்றால் இதுவும்தானே குட்டீஸ்.

பிறகு மடகாஸ்கர் தீவுக்கு அப்பால், ஜப்பானின் 'ஐ-29' நீர்மூழ்கி காத்திருந்தது. ஆனால் அலைகள் விடவில்லை. கப்பல்கள் நெருங்கினால் மோதிக்கொள்ளும்! கடைசியில் ஏப்ரல் 28-ல், சின்ன ரப்பர் படகில் நேதாஜியும் ஹசனும் தொப்பலாக நனைந்தபடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். ஜப்பான் கப்பலில் இருந்து இரண்டு அதிகாரிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். கூடவே தங்கக் கட்டிகளும்!

மே மாதம் சுமத்ரா அருகே சபாங் தீவில் இறங்கிய நேதாஜி, ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமையேற்றார். மலேயா தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் ஏராளமானோர் அதில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும்தானே?

யு-180 என்ன ஆனது? திரும்பும் வழியில், ஜூன் மாதம், கிரேக்கக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. மொத்தமே அந்த இரண்டு கப்பல்கள்தான். புகை கக்கும் அதன் இன்ஜின்களை மாற்றி, சரக்கு ஏற்றும் நீர்மூழ்கியாக்கினார்கள். 1944 ஆகஸ்டில் பிரான்சின் போர்டோவில் இருந்து கிளம்பிய சில நாளில் கடலில் மூழ்கியது. 56 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஐ-29 அதற்கு முந்தைய மாதமே அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டிருந்தது.