டென்னிஸில் இரண்டாவது சர்வீஸ்

டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும் முதல் சர்வீஸின் வேகத்தைத்தான் வியந்து பேசுவர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பந்து, அதைத் தொடக்கூட முடியாமல் திகைத்து நிற்கும் எதிராளி, ஆரவாரம் செய்யும் கூட்டம்! ஆனால் அந்தப் பந்து வலையில் மோதி விழுந்துவிட்டால்? கூட்டம் ஒரு பெருமூச்சு விடுகிறது. சிலர் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்கிவிடுகின்றனர். ஆட்டக்காரரோ இன்னொரு பந்தை எடுத்து, தரையில் நாலைந்து முறை தட்டுகிறார். உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

ஆட்டத்தை அறியாத தோழியருக்காக விதியை முதலில் சொல்லிவிடுவோம். நாம் விளையாடும் கைப்பந்தாட்டத்தில் சர்வீஸ் போட ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. டென்னிஸில் இரண்டு. ஆட்டக்காரர் தம் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்று, வலைக்கு அப்பால் குறுக்காக அமைந்த கட்டத்துக்குள் பந்து விழுமாறு அடிக்க வேண்டும். அக்கட்டத்தின் நீளம் 21 அடி. அகலம் பதின்மூன்றரை அடி. முதல் பந்து தவறினால் இரண்டாவது பந்து அடிக்கலாம். அதுவும் தவறினால் அதற்குப் பெயர் இரட்டைத் தவறு. எதிராளி மட்டையை அசைக்காமலே ஒரு புள்ளி பெற்றுவிடுவார்.

இரண்டு வாய்ப்பையும் ஒரே மாதிரி ஓங்கி அடித்தால் என்ன என்று நம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓங்கி அடிக்கும் பந்துகளில் நூற்றுக்கு 60 உள்ளே விழுவதாகவும், அவ்வாறு விழுந்தவற்றில் நான்கில் மூன்று பங்கு வெற்றி தருவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூற்றுக்கு 45 புள்ளிகள் கிடைக்கும். கவனமாக அடிக்கும் இரண்டாவது சர்வீஸில் 90 பந்துகள் உள்ளே விழுந்து, அவற்றில் நூற்றுக்கு 55 வீதம் வெற்றி கிட்டினால், ஏறக்குறைய 50 புள்ளிகள். ஆகவே கவனமே இலாபம். ஆனால் அந்த 55 என்பது 45 ஆகக் குறைந்துவிட்டால் கிடைப்பது 40 புள்ளிகளே! அப்போது இரண்டையும் ஓங்கி அடிப்பதே மேல் என்று கணக்கு சொல்லும். எனவே, ‘உள்ளே விழுந்தால் போதும்’ என்று மெல்லத் தட்டிவிடும் இரண்டாவது சர்வீஸால் பயன் இல்லை. உள்ளேயும் விழ வேண்டும், எதிராளியைத் திணறவும் வைக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போல் தோன்றுகின்றன அன்றோ?

முரண் எவ்வளவு பெரியது என்பதை அறிய வடிவொத்த முக்கோணங்கள் போதும். (கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!) ஐந்தரை அடி உயரமுள்ள ஒரு பெண் கையை உயர்த்தி மட்டையால் பந்தை அடிக்கும்போது, பந்து தரையிலிருந்து சுமார் 9 அடி உயரத்தில் இருக்கும். கடைசிக் கோட்டிலிருந்து வலை 39 அடி தூரம். வலைக்கு அப்பால் கட்டத்தின் எல்லை இன்னும் 21 அடி. ஆக மொத்தம் 60 அடி. பந்து நேர்கோட்டில் சென்று கட்டத்தின் எல்லையில் விழ வேண்டுமானால், வலையைக் கடக்கும்போது அதன் உயரம் 9 பெருக்கல் 21 வகுத்தல் 60, அதாவது 3.15 அடி. வலையின் நடுப்பகுதி 3 அடி உயரம். மீதி இடைவெளி இரண்டு அங்குலம்கூட இல்லை. பந்தின் குறுக்களவோ இரண்டரை அங்குலத்துக்கு மேல்! புவியீர்ப்பு விசை பந்தைச் சற்று வளைத்துக் கீழே இழுப்பதால்தான் ஓங்கி அடித்த பந்து ஒருவாறு உள்ளே விழுகிறது. பந்து வேகமாகப் போகப் போக, அந்த விசை வேலை செய்யக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிடுகிறது.

அமெரிக்க வீரர் ஜான் இஸ்னரின் உயரம் 208 செ.மீ. அவர் பந்தைச் சந்திக்கும் உயரத்தை 11 அடி என்று கொண்டு அதே கணக்கைப் போட்டால், வலைக்கு மேல் பத்து அங்குல இடைவெளி கிடைக்கிறது. நெட்டையருக்கு இறைவன் தந்த சலுகை இது! மற்றவர்கள் வேறு வழி தேட வேண்டியதுதான்.

அந்த வழிதான் சுழற்சி. பந்தை நேராக மோதாமல், அதன் பின்புறத்தை மட்டையின் நரம்புகளால் கீழிருந்து மேலாகத் தேய்த்து விடுகிறார்கள். பந்தைக் கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால், வலக்கை ஆட்டக்காரரின் மட்டை 7 என்ற எண் இருக்கும் இடத்திலிருந்து 1 என்ற எண்ணை நோக்கி ஏறும். பந்து முன்புறமாக உருண்டுகொண்டே பறக்கும். அவ்வாறு உருளும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கித் தள்ளுகிறது. காற்று பந்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியேதான்! சாய்த்துப் பிடித்த மட்டையால் அடித்த டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைக் கண்டதாக அதே நியூட்டன் 1672-இல் வெளியான தம் ஒளி பற்றிய கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஜெர்மானிய அறிஞர் மேக்னஸ் 1852-இல் இதனை ஆராய்ந்ததால் அவர் பெயரால் ‘மேக்னஸ் விளைவு’ என்று வழங்குகிறது. விம்பிள்டன் போட்டி முதன்முதலில் நடந்த 1877-ஆம் ஆண்டிலேயே டென்னிஸ் பந்தின் வளைவைப் பற்றி ராலே பிரபு ஒரு கட்டுரை எழுதினார் என்பது நாம் படித்து மகிழ்ந்த செய்தி.

நல்ல சுழற்சி பெற்ற பந்து வலைக்கு மேல் இரண்டு மூன்று அடி உயரத்தில் பத்திரமாகக் கடந்து, பிறகு திடீரென்று தலைகுனிந்து கட்டத்துக்குள் விழுகிறது. விழுந்தபின் பக்கவாட்டிலும் மேலுமாக உதைத்துக்கொண்டு எழுகிறது. அதனால்தான் இதனைக் கிக் சர்வீஸ் என்கின்றனர். தோளுக்கு மேல் எழும் பந்தைத் திருப்பி அடிப்பது எவருக்கும் கடினமே. பந்தின் ஓரத்தைச் சீவிவிட்டால் அது ஸ்லைஸ். அது தாழ்வாக வழுக்கிக்கொண்டு விலகும். களிமண் தரையில் கிக் நன்றாக எழும். புல்தரையில் ஸ்லைஸுக்கு மதிப்பு அதிகம். இடக்கை ஆட்டக்காரர் அடித்தால் இவை யாவும் திசை மாறி வரும்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. சுழற்சி வேண்டுமானால் மட்டையை வேகமாக வீச வேண்டும். ‘தவறக் கூடாதே’ என்று பயந்து கையைத் தளர்த்தினால் சுழற்சி குறைகிறது. சுழற்சி குறைந்தால் பந்து வளைவதில்லை. வளையாத பந்து ஒன்று வெளியே போகும், அல்லது எதிராளிக்கு விருந்தாகும். இரண்டாவது சர்வீஸில் குறைவது பந்தின் வேகமே தவிர, கையின் வேகம் அன்று. சிறந்த ஆட்டக்காரரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒன்றுதான் என்பது நம் கருத்து.

இதற்குச் சான்று பீட் சாம்ப்ராஸ். விம்பிள்டனில் ஏழு முறை வென்ற இந்த அமெரிக்கரின் இரண்டாவது சர்வீஸே ஆட்ட உலகம் கண்டவற்றுள் தலைசிறந்தது என்று பலரும் கூறுவர். சிறுவனாக இருந்தபோது, பந்தை மேலே எறிந்த பிறகே எந்த மூலைக்கு அடிக்க வேண்டும் என்று அவருடைய பயிற்சியாளர் சொல்வாராம். ஆகவே எறிவதைப் பார்த்து எதிராளி எதையும் ஊகிக்க முடியாது. 1999-ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஆந்த்ரே அகாசிக்கு எதிராக வெற்றிக்கு ஒரு புள்ளியே தேவை. முதல் சர்வீஸ் தவறியது. வேறு யாராயினும் பந்தை உள்ளே போட்டுவிட்டுக் காத்திருப்பர். சாம்ப்ராஸ் அடித்த இரண்டாவது சர்வீஸை அகாசியால் தொடவே முடியவில்லை. அகாசியோ அக்காலத்தில் சர்வீஸைத் திருப்பி அடிப்பதில் முதன்மையானவர்! ஆட்டம் அதோடு முடிந்தது.

இதற்கு நேர்மாறான காட்சி 2020-இல் நியூயார்க்கில் நடந்தது. அலெக்சாண்டர் ஸ்வெரெவ் 198 செ.மீ. உயரமுள்ள ஜெர்மானியர், முதல் சர்வீஸை மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் அடிப்பவர். அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்தில் டொமினிக் தீமை எதிர்த்து முதல் இரண்டு செட்டுகளையும் வென்றிருந்தார். ஐந்தாவது செட்டின் டை-பிரேக்கில் அவர் கை தளர்ந்தது. ஓர் இரண்டாவது சர்வீஸ் மணிக்கு 110 கி.மீ. அளவுக்குத்தான் சென்றது. அவர் செய்த இரட்டைத் தவறுகள் மொத்தம் 15. கோப்பை தீமுக்குப் போயிற்று. உயரமும் வலிமையும் அப்படியேதான் இருந்தன. வீசும் துணிவு மட்டும் போய்விட்டது.

எதிராளியும் சும்மா இருப்பதில்லை. 1989 பிரெஞ்சு ஓபனில் 17 வயதுச் சிறுவன் மைக்கேல் சாங், அப்போது உலகின் முதல் ஆட்டக்காரராக இருந்த இவான் லெண்டிலை எதிர்த்து ஐந்தாவது செட் வரை வந்துவிட்டான். தசைப்பிடிப்பால் நிற்கவே முடியாத நிலை. வெற்றிக்கு ஒரு புள்ளி இருக்கையில் லெண்டிலின் முதல் சர்வீஸ் தவறியது. உடனே சாங் வழக்கமான இடத்தை விட்டு, கட்டத்தின் கோட்டருகே வந்து நின்றுகொண்டான்! லெண்டிலின் கவனம் சிதறியது, இரட்டைத் தவறு. சாங் அந்த ஆண்டுக் கோப்பையையும் வென்றான். வயதில் நம்மை விட இரண்டே ஆண்டு மூத்தவன் என்பதால் இக்கதை நமக்கு மிகவும் பிடித்தது.

பெண்களின் ஆட்டத்தில் இரண்டாவது சர்வீஸ் இன்னும் பெரிய சிக்கல். ஆண்கள் பொதுவாகத் தம் இரண்டாவது சர்வீஸ் புள்ளிகளில் பாதியை ஒட்டி வெல்கின்றனர். பெண்கள் பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே. ரஷ்யாவின் எலினா டெமென்டியேவா 2004-இல் பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றார். ஓட்டமும் அடியும் அருமை. இரண்டாவது சர்வீஸ் மட்டும் மெல்லிய ஸ்லைஸ். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரையும் அக்குறை கடைசிவரை விடவில்லை. ஆஸ்திரேலியாவின் சமந்தா ஸ்டோசர் வேறு வகை. அவருடைய கிக் சர்வீஸ் ஆண்களுடையதைப் போல் தோளுக்கு மேல் எழும். 2011 அமெரிக்க ஓபன் இறுதியில் செரீனா வில்லியம்ஸையே அவர் 6-2, 6-3 என்று நேர் செட்டுகளில் வென்றார்.

யானா நவோத்னாவின் பெயரைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது. 1993 விம்பிள்டன் இறுதி ஆட்டம். செக் நாட்டவரான அவர் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என முன்னிலையில் இருந்தார். தம் சர்வீஸில் 40-30. இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் 5-1. இரட்டைத் தவறு! அதன்பின் ஒரு கேமும் அவருக்குக் கிடைக்கவில்லை. 6-4 என்று கிராஃப் வென்றார். பரிசளிப்பின்போது கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து நவோத்னா அழுத படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1998-இல் அவர் விம்பிள்டன் கோப்பையைப் பெற்றார். 2017-இல், 49 வயதிலேயே, காலமானார்.

நம் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய சர்வீஸ் மென்மைக்குப் பேர் போனது. முதலாவது எது, இரண்டாவது எது என்று பிரித்தறிவதே கடினம் என்பார்கள்! ஆயினும் 1986-இல் விம்பிள்டன் கால் இறுதியை எட்டினார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் உலகின் முதல் ஆட்டக்காரராக இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். பந்து திரும்பி வந்த பிறகு அவர் காட்டிய சாமர்த்தியத்தால் வந்த வெற்றிகள் அவை. ஆனால் அப்படி ஆட எல்லோராலும் இயலாது.

இனி, இரண்டாவது சர்வீஸைத் திருத்திக்கொள்ள முடியுமா? பெலாரஸ் நாட்டு அரினா சபலென்கா அதற்கு விடை தந்திருக்கிறார். 2022 தொடக்கத்தில் அடிலெய்டு நகரில் ஒரே ஆட்டத்தில் 21 இரட்டைத் தவறுகள் செய்து, கண்ணீர் விட்டு, கையைத் தாழ்த்திக் கீழிருந்துகூட சர்வீஸ் போட்டுப் பார்த்தார். அந்த ஆண்டு முழுவதும் அவர் செய்த இரட்டைத் தவறுகள் 400-க்கு மேல். மனோபலம் போதாது என்று பலர் கூறினர். அவரோ உடல் இயக்கத்தை ஆராயும் வல்லுநர் ஒருவரை அமர்த்தி, கை எங்கே வளைகிறது, தோள் எப்போது திரும்புகிறது என்று அசைவு அசைவாகத் திருத்திக்கொண்டார். 2023 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் வெற்றிக்கான முதல் புள்ளியில் மீண்டும் ஓர் இரட்டைத் தவறு வந்தது. கை தளரவில்லை, தொடர்ந்து அடித்து நான்காவது வாய்ப்பில் கோப்பையை வென்றார்.

அமெரிக்காவின் கோகோ காஃப் 2024 அமெரிக்க ஓபனில் 19 இரட்டைத் தவறுகள் செய்து நான்காவது சுற்றில் வெளியேறினார். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் சபலென்காவையே வென்றார் என்றாலும், சர்வீஸ் தொல்லை தீரவில்லை. அந்த ஆகஸ்ட் மாதம் அவர் உதவிக்கு அழைத்தது, சபலென்காவுக்குக் கற்றுக்கொடுத்த அதே வல்லுநரைத்தான்!