பூச்சிகளின் மார்பு

பூச்சிகளின் மார்பு என்பது தலைக்கும் வயிற்றுக்கும் இடையில் அமைந்த உடற்பகுதியாகும். கால்களும் சிறகுகளும் இதிலிருந்தே தோன்றுகின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் போன்று ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பகுதிகளில், பயிரைத் தாக்கும் உயிரியையும் காக்கும் உயிரியையும் பிரித்தறிய மார்பின் அமைப்பு உதவுகிறது.

அமைப்பும் கலைச்சொற்களும்

மார்பு முன்மார்பு, நடுமார்பு, பின்மார்பு என மூன்று கண்டங்களால் ஆனது. ஒவ்வொரு கண்டத்திலும் ஓரிணைக் கால்கள் உள்ளன. முன்சிறகுகள் நடுமார்பிலும் பின்சிறகுகள் பின்மார்பிலும் இணைந்துள்ளன. முன்மார்பில் சிறகுகள் இல்லை. ஈ, கொசு ஆகியவற்றில் பின்சிறகுகள் சிறுத்து, பறக்கும்போது உடலைச் சமன்செய்யும் உறுப்புகளாக மாறியுள்ளன.

ஒவ்வொரு கண்டத்தின் முதுகுப்புறத் தகடு நோட்டம் எனவும், அடிப்புறத் தகடு ஸ்டெர்னம் எனவும், பக்கத் தகடு புளூரான் எனவும் அழைக்கப்படுகிறது. சிறகின் அடிப்பகுதி நோட்டத்திற்கும் புளூரானுக்கும் இடையில் பொருந்தியுள்ளது. பெரும்பாலான பூச்சிகளில் தசைகள் சுருங்கி நோட்டம் தாழும்போது சிறகு மேலெழும். நோட்டம் உயரும்போது சிறகு கீழிறங்கும். தும்பிகளில் பறப்புத் தசைகள் சிறகின் அடிப்பகுதியுடன் நேரடியாக இணைந்துள்ளன.

நெல்வயலில் அடையாளம் காணல்

நெற்பயிரின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான், பழுப்பு நிறமுடையது. வெண்முதுகுத் தத்துப்பூச்சியின் நோட்டத்தில் வெளிர்நிறப் பட்டை காணப்படும். இவ்விரண்டிலும் பின்காலின் டிபியா எனும் கணுவின் நுனியில் அசையக்கூடிய முள் ஒன்று உண்டு. புகையானில் நீண்ட சிறகுடையவை, குறுஞ்சிறகுடையவை என இரு வடிவங்கள் உள்ளன. நீண்ட சிறகுடையவை பறந்து வந்து வயலில் குடியேறுகின்றன. குறுஞ்சிறகுடையவை பறக்க இயலாதவை; ஆனால் இவற்றின் பெண்பூச்சிகள் மிகுதியாக முட்டையிடுகின்றன.

அதே தூரில் காணப்படும் சிலந்தி, பூச்சியன்று. அதன் தலையும் மார்பும் ஒன்றாக இணைந்து தலைமார்பாக உள்ளன. அதில் எட்டுக் கால்கள் உள்ளன. ஓநாய்ச் சிலந்தி புகையானை வேட்டையாடி உண்ணும். இதனால் புகையானுக்கான பொருளாதாரச் சேதநிலை, சிலந்தி இல்லாதபோது தூருக்கு 1 எனவும், குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும்போது தூருக்கு 2 எனவும் கொள்ளப்படுகிறது. இரண்டையும் வேறுபடுத்தாமல் மருந்து தெளித்தால் சிலந்திகள் அழிந்து, புகையான் மீண்டும் பெருக வாய்ப்புள்ளது.