சித்திரைச் சங்கற்பமும் நல்லேரும்

வருஷப் பிறப்பன்று ஏதேனும் ஒரு நற்காரியத்தைச் செய்வதென்று மனத்தில் உறுதி செய்துகொள்ளாத குடும்பஸ்தர் அரியர். “இவ்வருஷம் வரவு செலவுக் கணக்கு எழுதுவேன், மண்ணைப் பரிசோதித்த பிறகே உரம் வாங்குவேன், வயலுக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவேன், கண்மாய்க்குத் தண்ணீர் வருமுன் வரத்துக்காலைச் சுத்தம் செய்வோம்” என்று நம் விவசாயிகளும் சித்திரை முதல் தேதியில் சங்கற்பம் செய்துகொள்கிறார்கள். ஆயினும் ஆடிப் பதினெட்டாம் நாள் வருவதற்குள் அவற்றில் நிலைத்து நிற்பவை எத்தனை என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம்.

பட்டணவாசி தன் சங்கற்பத்தைக் கைவிட்டால் மறுமாதம் மீண்டும் தொடங்கலாம். உழவனுக்கு அவ்வசதி இல்லை. பசுந்தாள் விதைக்க வேண்டிய பருவம் தப்பினால் அடுத்த வருஷம் வரையில் காத்திருக்க வேண்டும். வயலில் தண்ணீர் நின்ற பிறகு மண் மாதிரி எடுப்பதும் எளிதன்று. ஆகவே சங்கற்பம் ஏன் தவறுகிறது, அதை எவ்விதம் காப்பது என்பதை ஆராய்வது நமக்குப் பயனுள்ளதாகும்.

நல்லேர் கற்பிக்கும் பாடம்

இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தென்ஜில்லாக்கள் பலவற்றிலும் சித்திரை முதல் தேதியிலோ அதையடுத்த நல்ல நாளிலோ நல்லேர் பூட்டும் வழக்கம் உண்டு. பொன்னேர் என்றும் இதைக் கூறுவர். மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு, கலப்பைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஊரார் ஒருங்கே கூடிச் சில சால் உழுது, நவதானியம் தூவி வருவார்கள். ஏர்மாடுகள் குறைந்துவிட்ட ஊர்களில் இப்போது டிராக்டர்களுக்குப் பொட்டிட்டு உழுகிறார்கள்.

இவ்வழக்கத்தில் மூன்று அம்சங்கள் கவனிக்கத் தக்கவை. முதலாவது, நாளும் இடமும் முன்னமே குறிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாவது, “இவ்வருஷம் நன்றாக உழுவேன்” என்று வாயால் சொல்வதோடு நில்லாமல் அன்றே சில சாலாவது உழப்படுகிறது. மூன்றாவது, ஊரார் பார்த்திருக்க அது நடைபெறுகிறது. நாம் தனியே செய்துகொள்ளும் சங்கற்பங்களில் பெரும்பாலும் இம்மூன்றும் இருப்பதில்லை. அவை தவறுவதற்கு முக்கிய காரணம் இதுவே.

ஆராய்ச்சியாளர் கண்டவை

அயல்நாடுகளில் இவ்விஷயத்தைக் குறித்து நடந்த பரிசோதனைகளும் இதனையே வலியுறுத்துகின்றன. அமெரிக்காவில் 1980-களில் புதுவருஷ உறுதி செய்துகொண்ட 200 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், முதல் வாரம் முழுவதும் காத்தவர்கள் நூற்றுக்கு 77 பேர். இரண்டு வருஷம் காத்தவர்கள் நூற்றுக்கு 19 பேரே.

ஸ்வீடன் தேசத்தில் 1,066 பேரைக்கொண்டு செய்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், “இதைச் செய்வேன்” என்று உறுதி கொண்டவர்களில் நூற்றுக்கு 59 பேரும், “இதைச் செய்யமாட்டேன்” என்று உறுதி கொண்டவர்களில் நூற்றுக்கு 47 பேரும் வருஷ முடிவில் தாங்கள் வெற்றி பெற்றதாகக் கூறினார்கள். ஆகவே, “யூரியாவை அதிகமாகப் போடமாட்டேன்” என்பதைக் காட்டிலும், “மண் பரிசோதனைச் சீட்டில் கண்ட அளவை மூன்று தவணையாகப் பிரித்து இடுவேன்” என்பதே மேலான சங்கற்பமாகும்.

இங்கிலாந்தில் 2002-இல் வெளியான மற்றொரு பரிசோதனையில், உடற்பயிற்சியை எந்த நாள், எவ்வேளை, எவ்விடத்தில் செய்வது என்று முன்னதாக எழுதி வைத்தவர்களில் நூற்றுக்கு 91 பேர் அதைச் செய்து முடித்தனர். பயிற்சியின் நன்மைகளை மாத்திரம் படித்தறிந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் குறைவானவர்களே செய்தனர். நன்மையை அறிந்திருப்பது மட்டும் போதாது, வேளையும் இடமும் குறித்தலே காரியத்தை முடிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

நமது பாசனத்துக்கு ஏற்ற கணக்கு

உழவுத் தொழிலில் வேளையைக் குறிப்பது தேதியை மாத்திரம் பொறுத்ததன்று. மழையையும் அணை நீரையும் பொறுத்தது. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரும், 1959-இல் கட்டி முடிந்த வைகை அணையின் நீரும் நமது சமவெளியை வளப்படுத்துகின்றன. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலங்களுக்கு, இருப்பு போதுமான வருஷங்களில் ஜூன் மாதத்தில் முதற்போகத்துக்கு நீர் திறக்கப்படுகிறது. கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியிலும் திருமங்கலம் கால்வாயிலும் உள்ள 1,05,002 ஏக்கர் ஒருபோக நிலங்களுக்குச் செப்டம்பரை ஒட்டி நீர் கிடைக்கிறது.

தக்கைப்பூண்டு விதைத்த 45 முதல் 50 நாட்களில் மடக்கி உழத் தக்கது. ஆகவே நீர் திறப்பை எதிர்பார்க்கும் நாளிலிருந்து ஐம்பது நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் இருபோகக்காரருக்குச் சித்திரை முதல் வாரமும், ஒருபோகக்காரருக்கு ஆடி மாதமும் விதைப்புக் காலமாகும். இதற்குரிய சங்கற்பத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்: “விதைப்புக் காலத்தில் உழவுக்கேற்ற மழை பெய்தால், ஈரம் பதமான அன்றே, மேலக்காட்டு ஒரு ஏக்கரில் 20 கிலோ தக்கைப்பூண்டு விதைப்பேன். மழை இல்லையேல் கிணற்று நீர் எட்டும் அரை ஏக்கரில் மாத்திரம் விதைப்பேன்.” மழை பெய்த பின்னர் விதை தேடி அலைந்தால் ஈரம் காய்ந்துவிடும். ஆதலால் வருஷப் பிறப்பன்றே விதைக்கு ஏற்பாடு செய்துவிடுவதுதான் இச்சங்கற்பத்தின் முதற்சால்.

மண் பரிசோதனைக்கும் இவ்வாறே. நல்லேர் பூட்டிய அன்று மண்வெட்டி கையில் இருக்கும்போதே வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில எழுத்து ‘வி’ வடிவமாகக் குழி வெட்டி, அரை அடி ஆழம் வரையில் பக்கவாட்டில் சீராகச் செதுக்கி மண் எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவை விலக்கத் தக்கவை. எடுத்த மண்ணைக் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வந்து, அரைக் கிலோ அளவில் நிழலில் உலர்த்தி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சேர்ப்பிக்கலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சிக்குப் புறப்படுமுன் அந்தப் பை மையத்தைச் சேர்ந்திருக்க வேண்டுமென்று வைத்துக்கொள்க. திருவிழாக் கூட்டத்தில் மறந்துபோகும் காரியங்கள் பல.

கணக்கு எழுதுவதற்கு ஒரு வேளையைக் கட்டிவிட வேண்டும். விளக்கு வைத்தபின் இராச் சாப்பாட்டுக்கு முன் என்று கொண்டால், விளக்கே நினைவூட்டும். புஸ்தகத்தையும் பேனாவையும் பெட்டியில் பூட்டாமல் விளக்கருகிலேயே வைக்க வேண்டும்.

ஒருநாள் தவறினால்

ஒருநாள் கணக்கு எழுதாமல் விட்டவர் “இனி என்ன பயன்?” என்று புஸ்தகத்தையே மூடிவிடுகிறார். இது பெரும் பிழை. லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு செயல் பழக்கமாகப் படிவதற்குச் சாதாரணமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருக்க, சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகுமென்று கணக்கிடப்பட்டது. இடையே ஒருநாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. நடவில் ஒரு குத்து பட்டுப்போனால் வயலையே உழுதுவிடுகிறோமா? போக்கு நட்டு நிரப்புகிறோம். சங்கற்பத்துக்கும் அதுவே முறை. சித்திரை முதல் நாள் தொடங்கிய கணக்கை ஆனி முதல் வாரம் வரை காத்துவிட்டால், அதன் பிறகு பாரம் குறையும்.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்துக்கு

தனிமனிதர் சங்கற்பத்தைக் காட்டிலும் எளிதில் தவறுவது ஊர்ச் சங்கற்பம். கண்மாய் மராமத்துக்கு “எல்லோரும் வருவோம்” என்று தீர்மானித்தால் ஒருவரும் வருவதில்லை. குடிமராமத்தைக் கட்டாயப்படுத்த 1858-லேயே சட்டம் இருந்தது. அப்படியிருந்தும் வழக்கம் தளர்ந்துபோயிற்று. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரில் திட்டமொன்றைத் தொடங்கியது. ஆனால் அரசாங்கப் பணம் வரும் வருஷத்தில் மாத்திரம் மண்வெட்டி எடுப்பது குடிமராமத்தாகாது.

ஆகவே நல்லேர் நாளில் ஊர் கூடியிருக்கும்போதே, இன்ன மடை முதல் இன்ன மடை வரை இன்னார் பொறுப்பு, இன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று பெயர், நீளம், தேதி மூன்றையும் எழுதி, யாவரும் காணும் இடத்தில் ஒட்டச் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் மானாவாரிக் கண்மாய்களுக்கு ஆதாரமாதலால், புரட்டாசிக்கு முன் கிராம நிர்வாக அலுவலரும் பாசன சங்கத்தாரும் வரத்துக்கால் வழியே ஒருமுறை நடந்து பார்ப்பது அவசியம்.

சங்கற்பம் பலவாக இருத்தல் வேண்டாம். வீட்டுக்கு ஒன்றும் வயலுக்கு ஒன்றும் ஊருக்கு ஒன்றும் போதும். நம் விவசாயிகள் வருகிற சித்திரையில் ஒவ்வொரு சங்கற்பத்துக்கும் நாள் குறித்து, இடம் குறித்து, அன்றே முதற்சாலை ஓட்டித் தொடங்குவார்களாக.