கோபப்படாத காது

பக்கத்தில் ஒருவர் மென்று தின்னும் சத்தம், விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சும் சத்தம், பேனாவின் தலையை 'டிக் டிக்' என்று அழுத்தும் சத்தம். பெரும்பாலோர் கேட்ட மாத்திரத்தில் மறந்துவிடும் இவை சிலருக்கு நெஞ்சைப் படபடக்க வைக்கின்றன; ஆத்திரம் பொங்குகிறது, எழுந்து ஓடத் தோன்றுகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான மார்கரெட், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் இணையர் 2001இல் இதற்கு மிசோஃபோனியா என்று பெயரிட்டனர். இது காதின் கோளாறா, மனத்தின் கோளாறா, வெறும் பிடிவாதமா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. கோபமே வராத ஒரு காதைக் கணினிக்குள் செய்து, அதே சத்தங்களை அதற்கும் கேட்கக் கொடுப்பதுதான் அதைத் தீர்க்க நல்ல வழி என்று நினைக்கிறேன்.

பிடிவாதம் என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2017இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுக்பிந்தர் குமார் குழுவினர், மிசோஃபோனியா உள்ள 20 பேரையும் இல்லாத 22 பேரையும் மூளை ஸ்கேன் எடுத்தபடியே மூன்று வகைச் சத்தங்களைக் கேட்கச் செய்தனர். மழை போன்ற சாதாரண ஒலிகளிலும், குழந்தை வீறிடுவது போல யாருக்குமே பிடிக்காத ஒலிகளிலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. மெல்லும் ஒலியும் மூச்சொலியும் வந்தபோதுதான் முதல் தரப்பினரின் மூளையில் முன் இன்சுலா என்ற பகுதி அளவுமீறிக் கிளர்ந்தது. இதயத் துடிப்பு ஏறியது, தோலின் மின்கடத்தும் திறன் கூடியது. வீம்புக்காக யாரும் இவற்றை வரவழைத்துக்கொள்ள முடியாது. ஒலியை உணரும் பகுதிக்கும் வாய், முகத் தசைகளை இயக்கும் பகுதிக்கும் உள்ள தொடர்பு இவர்களிடம் கூடுதல் வலுவோடு இருப்பதை 2021இல் அதே குழு கண்டது. பிறர் மெல்லும் ஒலி கேட்டால், இவர்களுடைய மூளையில் வாயசைக்கும் பகுதி மற்றவர்களைவிட அதிகமாக விழித்துக்கொள்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மெல்லும் ஒலியின் அமைப்பே எரிச்சலூட்டுகிறதா, 'யாரோ மெல்லுகிறார்' என்று அடையாளம் தெரிந்த பிறகு எரிச்சல் பிறக்கிறதா? மனிதருக்குள் கேட்பதும் அடையாளம் காண்பதும் ஒருசேர நடப்பதால் இவற்றைப் பிரிப்பது கடினம். கணினிக்குள் செய்யும் அந்தச் செயற்கைக் காது, அதாவது கணினி மாதிரி, கைகொடுப்பது இங்கேதான். காக்ளியா எனும் நத்தை வடிவ உள்காது ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. மாதிரியும் அப்படியே பிரித்து, ஒவ்வோர் அதிர்வெண் பட்டையிலும் ஆற்றல் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதை அளக்கிறது. நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும் 'சப்' ஒலி, பல பட்டைகளில் ஒரே நேரத்தில் எழுந்து அடங்கும் மெல்லிய கோடாக அதில் தெரியும். பெருமழையோ இடைவெளி இல்லாமல் பரந்து தெரியும். இத்தகைய அளவுகளை மட்டுமே வைத்து மழை, பூச்சிகளின் இரைச்சல் போன்ற ஒலிகளைச் செயற்கையாக உருவாக்க முடியும் என்று 2011இல் ஆய்வாளர்கள் ஜோஷ் மெக்டெர்மாட்டும் ஈரோ சிமோன்செல்லியும் காட்டினர். இதே முறையில், மெல்லும் ஒலியின் அளவுகள் எல்லாம் பொருந்தியும் மெல்லுவதாக அடையாளம் தெரியாத ஒலி ஒன்றைச் செய்து பார்க்கலாம். அதற்கும் மிசோஃபோனியா உள்ளவர்களின் நெஞ்சு படபடத்தால் காரணம் ஒலியமைப்பில் இருக்கிறது; இல்லையென்றால் அடையாளத்தில். அடையாளம்தான் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. பிடிக்காத ஒலியோடு அதற்குப் பொருந்தும் வேறொரு இதமான காட்சியைக் காட்டினால் வெறுப்பு குறைகிறது என்று கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகச் சோதனைகளில் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

கோபப்படத் தெரியாத இயந்திரம் கோபத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்று கேட்கலாம். அது கோபப்படாததுதான் பயன். ஒலியால் மட்டும் எவ்வளவு விளக்க முடியும் என்று அது காட்டினால், விளக்க முடியாமல் நிற்கும் மிச்சம் கேட்பவருடையது. இதைவிட வலுவான ஆட்சேபம், மாதிரி உண்மையான காது அல்ல என்பது. 2018இல் மெக்டெர்மாட்டின் ஆய்வகம் சொற்களையும் இசை வகைகளையும் இனங்காணப் பழக்கிய செயற்கை நரம்பு வலையமைப்பு, மனித மூளையின் செவிப்பகுதி எப்படி இயங்கும் என்பதைப் பழைய மாதிரிகளைவிட நன்றாகக் கணித்தது. ஆனால் இத்தகைய வலையமைப்பு ஒரு குறிப்பிட்ட சொல்லாக எடுத்துக்கொள்ளும் சில செயற்கை ஒலிகள் மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாகவே படுகின்றன என்பதும் 2023இல் வெளிப்பட்டது. எனவே, கணினி சொல்வதை ஒவ்வொரு படியிலும் மிசோஃபோனியா உள்ளவர்களிடமே சோதிக்க வேண்டும்; அவர்களை விட்டுவிட்டுச் செய்யும் ஆய்வு இது அல்ல.

அந்த விடை வரும்வரை வீட்டில் செய்ய ஒன்று உண்டு. சாப்பிடும்போது காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போகும் பிள்ளையைத் திட்டாதீர்கள். மின்விசிறியையோ பாட்டையோ ஓடவிடுங்கள். தனியே உட்கார்ந்து சாப்பிடக் கேட்டால் விட்டுவிடுங்கள்.