பெயர் இருக்கப் பட்டம் எதற்கு?

திண்டிவனத்தில் என்னோடு மதரஸாவில் ஓதிய நண்பர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் விழுப்புரத்தில் குடியேறினார். அண்மையில் ஒரு நிக்காஹுக்காக விழுப்புரம் சென்றபோது அவரைக் காண விழைந்தேன். தெரு தெரியும், வீடு தெரியாது. மளிகைக் கடையில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைக்காரர் அறியவில்லை. தையற்கடையில் கேட்டேன், அங்கும் அறிந்தாரில்லை. அவர் பெயரோ 'அப்துல்' என்று தொடங்கி, இறைவனின் அழகிய திருநாமங்களுள் ஒன்றோடு முடிவது! வேறு வழியின்றி, ஓதிய காலத்தில் நாங்கள் அவரை அழைத்த பட்டத்தைச் சொன்னேன்.

"குள்ள பாயா? அதோ, எதிர் வீடுதான்" என்று உடனே கை நீட்டினார் தையற்காரர். அவ்வீட்டு வாசலில் நண்பரின் மகள் நின்றுகொண்டிருந்தாள். அச்சொல் அவள் செவியில் விழுந்துவிட்டது.

அன்பு வாசகர்களே! அந்தப் பட்டத்தை அவருக்கு முதன்முதலில் சூட்டியவன் நானே. திண்டிவனத்தில் சிறுவர்கள் கூடிச் சிரித்த ஒரு சொல், ஊர் விட்டு ஊர் வந்து, அவருடைய பெற்றோர் இட்ட பெயரையே விழுங்கிவிட்டிருந்தது.

நொண்டி, பல்லன், கறுப்பி, குண்டு என்று நம் இல்லங்களில் எத்தனை பட்டங்கள்! பெண் பார்த்துத் திரும்பிய இரவில், அந்தப் பெண்ணின் நிறத்தையும் பருமனையும் எத்தனை நாவுகள் எடை போடுகின்றன! கேட்டால், விளையாட்டு என்கிறோம். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் இதை விளையாட்டாகக் கொள்ளவில்லை. ஆண்கள் ஆண்களை எள்ளுவதையும், பெண்கள் பெண்களை எள்ளுவதையும் தனித்தனியே எடுத்துரைத்து விலக்குகிறது. தீய பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைப்பதையும் வெளிப்படையாகவே தடுக்கிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவைச் சுட்டி ஏதோ சொல்லிவிட்டார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைப் பொறுக்கவில்லை. கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் சொல் அது என்று கண்டித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி உள்ளது. இதைப் படிக்கும்போதெல்லாம் என் நண்பரின் முகம் என் கண்முன் வருகிறது.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களையும் நினைத்துப் பாருங்கள். மக்காவில் நபிகளாருக்கு அடுத்து, பகைவர் நடுவே திருமறையை முதன்முதலில் உரக்க ஓதிய தீரர் அவர். மிஸ்வாக் குச்சிக்காக அவர் மரமேறியபோது காற்று ஆடையை விலக்க, மெலிந்த கெண்டைக்கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தனர். மறுமைத் தராசில் அக்கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்று அண்ணலார் அறிவித்தார்கள். சிரித்தவர்களும் நல்லடியார்களே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

"உள்ளதைத்தானே சொன்னேன்" என்பது நாம் வழக்கமாகக் கூறும் சமாதானம். உள்ளதைச் சொன்னால் புறம். இல்லாததைச் சொன்னால் அவதூறு என்பது நபிமொழி. ஹதீஸ் அறிவிப்பாளர்களிலேயே 'அஃரஜ்', அதாவது நொண்டி, என்று அறியப்பட்டவர் உண்டே என்று மார்க்கம் கற்றவர் கேட்கலாம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் இதற்கு விடை தருகிறார்கள். ஒருவரை அடையாளம் காட்ட மட்டும் இது ஆகும். குறை கூறும் நோக்கில் ஆகாது. வேறு விதமாக அடையாளம் காட்ட இயலுமாயின் அதுவே மேல். நாங்கள் நண்பரை அழைத்தது அடையாளத்துக்கா? நெஞ்சறியப் பொய் சொல்ல மாட்டேன்.

நாட்டின் சட்டமும் இன்று இதைச் சிறிதாக எண்ணவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் குள்ளத்தன்மையும் ஒன்று. மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்துடன் பலர் அறிய அவமதித்தால், ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு.

மனிதருக்கு இழைத்த தவறுக்கு அம்மனிதரிடமே மன்னிப்புக் கோர வேண்டும் என்பது மார்க்கம். நண்பரின் கரம் பற்றிக் கேட்டேன். "அடடே, அதையா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்? எனக்குப் பழகிப்போயிற்று" என்று அவர் உரக்கச் சிரித்தார். தேநீர்க் கோப்பையை என்முன் வைத்த அவர் மகள் சிரிக்கவில்லை.