வீட்டுக் குளிர்சாதனமும் வீண் செலவும்

வெப்பம் மிகுந்த நாட்டில் வாழ்வோர்க்கு நிழலும் நீரும் காற்றும் மூன்று செல்வங்கள் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். திண்ணையும், முற்றமும், ஓட்டுக் கூரையும், வாயிலில் நின்ற வேம்பும் அவ்வுணர்ச்சியின் பயனேயாம். இக்காலத்திலோ வீடுகள் நெருங்கிவிட்டன, முற்றம் மறைந்தது, கான்கிரீட் தளம் தலைமேல் வந்தமர்ந்தது. சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்கியதும், இரவிலும் உறக்கங்கொள்ள இயலாது தவிக்கும் குடும்பங்கள் பல. ஆகவே, முன்பு சினிமாக் கொட்டகையிலும் பெரிய உத்தியோகஸ்தர் அறையிலும் மாத்திரம் காணப்பட்ட ஏசி என்னும் குளிர்சாதனம், இன்று நடுத்தரக் குடும்பத்தாரின் படுக்கையறையிலும் இடம்பெற்றுவிட்டது. அதனோடு மின்சாரக் கட்டணமென்னும் கவலையும் உடன்புகுந்தது. 'பழைய யந்திரத்தைத் தள்ளிப் புதியது வாங்குங்கள். பணம் மிச்சமாகும்' என்கின்றனர் கடைக்காரர். 'ஓடுகிற வரையில் ஓடட்டும்' என்கின்றனர் வீட்டுப் பெரியோர். இவ்விரண்டில் எது உண்மை, எவருக்கு உண்மை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில், இவ்யந்திரத்தின் அளவைக் குறிக்கும் 'டன்' என்ற சொல்லின் வரலாறு அறியத்தக்கது. 2,000 பவுண்டு பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகுங்கால் எவ்வளவு உஷ்ணத்தை உட்கொள்ளுமோ, அந்த வேகத்தில் உஷ்ணத்தை அகற்றுவது ஒரு டன் யந்திரம். மின்சாரக் கணக்கிற் கூறின் இஃது ஏறக்குறைய 3.5 கிலோவாட்டு ஆகும். பனிக்கட்டியால் குளிர்ச்சி தேடிய காலத்தின் நினைவு இச்சொல்லில் தங்கியிருக்கின்றது. அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்கென்று 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. அதுவே ஐஸ்ஹவுஸ், 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதனால் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர்பெற்று விளங்குவது. பின்னர் 1902-ல் வில்லிஸ் காரியர் என்னும் பொறியாளர், புரூக்ளினில் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்காதிருக்கும் பொருட்டுக் காற்றின் ஈரத்தை அடக்கும் யந்திரமொன்றை வகுத்தார். இன்றைய குளிர்சாதனத்தின் மூதாதை அதுவே. மனிதரின் சுகத்திற்காகவன்றிக் காகிதத்தின் நலத்திற்காக அது பிறந்ததென்பது வியப்பன்றோ!

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உஷ்ணத்தை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்லும் கூலியாளே. அறைக்குள்ளிருக்கும் குழாய்ச்சுருளில் ஒரு திரவம் ஆவியாகி அறையின் உஷ்ணத்தைக் கவர்கின்றது. கம்ப்ரஸர் அவ்வாவியை அழுத்தி வெப்பமேற்றுகின்றது. வெளியிலுள்ள சுருளில் அவ்வாவி தன் வெப்பத்தை விட்டு மீண்டும் திரவமாகின்றது. சுமப்பதற்கு மாத்திரமே மின்சாரம் செலவாவதால், ஒரு யூனிட் மின்சாரங்கொண்டு இரண்டரை முதல் ஐந்து யூனிட் வரை உஷ்ணத்தை வெளியேற்றலாம். அந்த மடங்கே யந்திரத்தின் திறன். கூலியாள் ஒருவன் ஒரு வேளைச் சோற்றுக்கு மூன்று மூட்டை சுமக்கின்றான், மற்றொருவன் ஐந்து மூட்டை சுமக்கின்றான் என்றால், எவனை அமர்த்துதல் லாபம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பழைய யந்திரங்களில் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும். அறை குளிர்ந்ததும் நிற்கும். வெப்பம் ஏறியதும் மீண்டும் முழுவேகத்தில் தொடங்கும். இன்வர்ட்டர் என வழங்கும் புதிய வகையிலோ கம்ப்ரஸரின் வேகம் தேவைக்கேற்பக் கூடியும் குறைந்தும் அமைகின்றது. நள்ளிரவுக்குப்பின் தேவை பாதியாகுங்கால் வேகமும் தணிகின்றது. சுமை குறைந்தாலும் சுருள்களின் பரப்புக் குறையாதாகையால், அப்போது உஷ்ணம் எளிதிற் கைமாறுகின்றது; திறன் உயர்கின்றது. புதியவற்றின் சிக்கனத்திற்கு இதுவே முக்கியமான காரணம்.

இத்திறனைப் பொதுமக்கள் அறியும் பொருட்டு, 2002-ல் நிறுவப்பட்ட மத்திய அரசாங்கத்தின் எரிசக்தித் திறன் பணியகம் நட்சத்திரச் சீட்டு முறையை 2006-ல் தொடங்கியது. ஆண்டில் 1,600 மணி நேரம், வெளி வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை மாறுவதாகக் கொண்டு கணிக்கப்படும் பருவகாலத் திறன் எண்ணே, சீட்டில் ஐ.எஸ்.இ.இ.ஆர். எனக் காணப்படுவது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, ஸ்பிளிட் வகையில் அவ்வெண் 3.8 இருந்தால் மூன்று நட்சத்திரமும், 5.0 இருந்தால் ஐந்து நட்சத்திரமும் அளிக்கப்பட்டன. அட்டவணை காலத்திற்குக் காலம் கடுமையாக்கப்படுவதால், பத்தாண்டுக்கு முந்திய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. ஆகையால் வாங்குவோர் நட்சத்திரத்தை எண்ணுவதோடமையாது, சீட்டிலுள்ள ஆண்டையும் எண்ணையும் வாசித்தல் வேண்டும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். நம் மாகாணத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கொருமுறை கணிக்கப்படுகின்றது. முதல் நூறு யூனிட் இலவசம். அதன்மேல் படிப்படியாக விலை ஏறும். 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு ரூ. 8.55, 601 முதல் 800 வரை ரூ. 9.65, 801 முதல் 1,000 வரை ரூ. 10.70, ஆயிரத்துக்கு மேல் ரூ. 11.80 ஆகும். மேலும், ஐந்நூறைத் தாண்டிய வீட்டிற்குக் கீழ்ப்படிகளிலுள்ள சலுகையும் குறைந்துவிடும். இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகின்றது: நாம் மிச்சப்படுத்தும் யூனிட், ஏணியின் மேற்படியிலுள்ள விலையுயர்ந்த யூனிட்டேயாகும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு வீட்டில் இதர செலவு இரண்டு மாதத்திற்கு 300 யூனிட், குளிர்சாதனம் இரவில் எட்டு மணி நேரமாக அறுபது நாள், அஃதாவது 480 மணி ஓடுகின்றது, சராசரி 3.5 கிலோவாட்டு உஷ்ணத்தை அகற்றுகின்றது. அகற்ற வேண்டிய உஷ்ணம் 1,680 யூனிட். திறன் 2.7 உள்ள பழைய யந்திரம் இதற்கு 622 யூனிட் மின்சாரம் கொள்ளும். திறன் 5 உள்ள புதியது 336 யூனிட் கொள்ளும். மொத்தச் செலவு 922 யூனிட்டிலிருந்து 636 யூனிட்டாக இறங்குகின்றது. இறங்கிய 286 யூனிட்டில் 122 யூனிட் ரூ. 10.70 வீதமும், 164 யூனிட் ரூ. 9.65 வீதமும் மிச்சமாவதால், ஒரு பில்லில் ரூ. 2,888 லாபம். கோடையின் இரண்டு பில்லுக்கு ரூ. 5,776. புதிய யந்திரத்தின் விலை, பொருத்துங் கூலியுட்பட, ரூ. 45,000 என்று வைத்துக்கொண்டால், முதல் திரும்புவதற்கு ஏறக்குறைய எட்டாண்டு செல்லும். ஆண்டு முழுவதும் ஓட்டுவோர்க்கு அதிற் பாதிக்காலம் போதுமானதாகலாம். கோடையில் சில மணி நேரமே ஓட்டுவோர்க்கு யந்திரத்தின் ஆயுளே முடிந்துவிடலாம்.

ஆகவே, கடைக்காரர் சொல்லும் பெரியோர் சொல்லும் அவரவர்க்குரிய இடத்தில் உண்மையாம். நன்றாக ஓடும் யந்திரத்தை, குறைவாக உபயோகிப்போர், சிக்கனத்தின் பெயரால் மாற்றுதல் சிக்கனமன்று. ஆனால் யந்திரம் பழுதுற்றுக் கம்ப்ரஸரே மாற்ற வேண்டிய நிலை வந்தாலோ, புதிதாக வாங்க நேர்ந்தாலோ, கேள்வி வேறாகின்றது. அப்போது ஒப்பிட வேண்டுவது முழு விலையையன்று. மூன்று நட்சத்திரத்திற்கும் ஐந்து நட்சத்திரத்திற்கும் உள்ள விலை வேற்றுமையையே. மேற்கூறிய வீட்டில் திறன் 3.8 உள்ள யந்திரம் 442 யூனிட் கொள்ளும், திறன் 5 உள்ளதனினும் 106 யூனிட் அதிகம், பில்லொன்றுக்கு ரூ. 1,023 மிகை. விலை வேற்றுமை எட்டாயிரமானால் நான்கு கோடையில் அது திரும்பிவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கியது பின்னர் வட்டியோடு வசூலித்துக்கொள்ளும் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

யந்திரத்தை மாற்றுமுன் அறையை மாற்றுதல் அறிவுடைமை. மேல்மாடிக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, பல மணி நேரங் கழித்து, நாம் படுக்கும் வேளையில் அறைக்குள் உமிழ்கின்றது. மாடித்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ, வெண்ணிற ஓடோ இடுதல், குளிர்சாதனத்தின் சுமையையே குறைத்துவிடும். மேற்குச் சன்னலுக்கு உட்புறத் திரையினும் வெளிப்புறத் தட்டி மேலானது. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்தபின் தடுப்பதிற் பயன் சிறிதே. கதவிடுக்கையும் சன்னலிடுக்கையும் அடைத்தல் வேண்டும். தூசி படிந்த பில்டரை இரு வாரத்திற்கொருமுறை கழுவுவதற்குக் காசு செலவில்லை. 2020 ஜனவரி முதல் புதிய யந்திரங்கள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி விதிக்கப்பட்டுள்ளன. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்று மேற்சொன்ன பணியகம் கூறுகின்றது. மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டு 26 டிகிரியில் வைத்தால் உடலுக்குக் குறைவு தோன்றாது. அவ்விசிறியும், எழுபத்தைந்து வாட்டு கொள்ளும் பழைய வகைக்குப் பதில் முப்பது வாட்டளவிற் சுழலும் பி.எல்.டி.சி. வகையாயின் இரட்டிப்பு நலம்.

அளவு தேர்தலிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் நம்மை வருத்துவது வெப்பம் மாத்திரமன்று, காற்றிலுள்ள ஈரமுமாகும். யந்திரத்தின் குழாயிற் சொட்டும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு யூனிட் உஷ்ணம் காற்றினின்று அகற்றப்படுகின்றது. அறைக்கு மிஞ்சிய பெரிய யந்திரம் விரைவில் குளிர்வித்து நின்றுவிடும். ஈரமோ போதிய அளவு நீங்காது. புழுக்கம் தீராது மேலும் குறைத்து வைக்கத் தோன்றும். இக்காரணத்தினாலேயே, உலர்ந்த உள்நாட்டு ஊர்களில் உதவும் நீர்விசிறிக் கூலர் கடற்கரையில் உதவுவதில்லை. இன்னுமொன்று: யந்திரத்திலுள்ள குளிர்வாயு எரிபொருளைப்போல் தீர்ந்துபோவதன்று, கசிந்தாலன்றிக் குறையாது. ஆண்டுதோறும் 'கேஸ்' நிரப்ப வேண்டுமென்று பழுது பார்ப்போர் கூறின், கசிவைக் காட்டி அடைக்கும்படி கேட்பதே முறை.

மாணவர் இன்று விடுதியறையில் விசிறியின்கீழ் வாசிப்பவராயினும், நாளை வீடு கட்டுவோரும் குடும்பம் நடத்துவோருமாவர். ஆசிரியரும் பழைய மாணவரும் இப்பொழுதே அச்சுமையைத் தாங்குகின்றனர். நாம் அறையினின்று வெளியேற்றும் உஷ்ணம் எங்கும் மறைவதில்லை; அடுத்த வீட்டாரின் சன்னலண்டை, வெயிலில் உழைப்போர் நடக்கும் தெருவிலேயே சென்று சேர்கின்றது. நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளுக்கு நாம் உக்கிராணக்காரரேயன்றி உடைமைக்காரரல்லேம். ஆதலின் முதலில் நிழல், அதன்பின் காற்று, அதன்பின்னரே யந்திரம் என்னும் ஒழுங்கைக் கடைப்பிடித்து, வாங்க நேர்ந்தபோது சீட்டை வாசித்துக் கணக்கிட்டு நல்லதை வாங்குவோமாக. அவ்வாறு செய்வோர்க்குப் பணமும் மிஞ்சும், உறக்கமும் வாய்க்கும், அயலாருக்குச் சேரும் வெப்பமும் சிறிது குறையும்.